ஒரு பசுவின் கணக்கு

அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் பணிகள் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றன. அதன் பணத்தில் நடந்த விவசாயப் பயிற்சிகள் போனால் என்ன, பயிற்சிதானே, செல்போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. அல்பேனியாவின் மாட்டுக்கொட்டகைகளில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். நியாயமான கோபம்.

அங்கே 1991-இல் வந்த 7501-ஆம் எண் சட்டம் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. சராசரியாகக் குடும்பத்துக்கு ஒன்றரை ஹெக்டேர்கூடத் தேறவில்லை. மாடு ஒன்றோ இரண்டோ. அதுவரை பால் கறந்தவர் கறந்தார், டிராக்டர் ஓட்டியவர் ஓட்டினார். வரவு செலவைப் பார்த்தது வேறு யாரோ.

மேற்கத்தியப் பணத்தில் நடந்த பயிற்சிகளில் மடிநோய்ச் சோதனை சுலபமாக மனதில் ஏறியது. நான்கு குழித் தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீய்ச்சி, சோதனைத் திரவம் விட்டுச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கோழையாகத் திரளும். பார்த்தவர் மறக்கமாட்டார்.

கணக்குதான் ஏறவில்லை. சொந்த வயலில் அறுத்த புல்லுக்கு விலை போடச் சொன்னால், "அது எங்கள் புல்தானே?" என்பார்கள். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்குக் கூலி எழுதச் சொன்னால் சிரிப்பார்கள். கன்று குடித்த பால், சினை பிடிக்காமல் போன மாதங்கள் எதுவும் ஏட்டுக்கு வராது. பால் விற்ற காசெல்லாம் லாபம். கரும்பலகை இதைத் திருத்தாது. கொட்டகையிலேயே உட்கார்ந்து, அன்றைய தீவனத்தைத் தராசில் நிறுத்து, சந்தையில் அது என்ன விலை போகும் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மறுமாதமும் போக வேண்டும்.

1996 இறுதியில் ஜாஃபெரி என்ற நிதித் திட்டம், மூன்று மாதத்தில் பணத்தை மும்மடங்காக்குவதாகச் சொன்னது. விவசாயிகள் மாடுகளை ஓட்டிவந்து விற்று இத்தகைய திட்டங்களில் போட்டார்கள். 1997 தொடக்கத்தில் அவை அடுத்தடுத்துச் சரிந்தன. திருப்பித் தர வேண்டிய தொகை நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி. ஏமாந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. ஆனாலும், தன் பசு மாதம் என்ன ஈட்டுகிறது என்று தெரிந்தவர் அதை விற்க அவ்வளவு அவசரப்பட்டிருக்கமாட்டார் என்பது பழைய பயிற்றுநர்களின் உறுதியான எண்ணம்.

இப்போதைய பயிற்சிகள் பலவற்றில், மறுமாதமும் கொட்டகைக்குப் போகும் அந்தப் பொறுமை இல்லை. ஓட்டல் அரங்கில் ஒருநாள் வகுப்பு, திரையில் படங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, குழுப்படம். பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை அறிக்கைக்குப் போய்விடும். அடுத்த ஆண்டு அந்த வீட்டில் ஏடு எழுதுகிறார்களா என்று போய்ப் பார்க்கத் திட்டத்தில் நாளும் ஒதுக்குவதில்லை, பயணப்படியும் ஒதுக்குவதில்லை.