ஒரே எண், இரண்டு உடல்கள்

ஜூன் 3, திங்கள்

காலை ஆறரைக்கே லேப் வாசலில் வரிசை. திங்கள் என்றால் வெறும் வயிற்றுச் சுகர் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். முதலில் நின்ற பெரியவர், "காபி மட்டும்தான் குடிச்சேன் தம்பி, சர்க்கரைகூடப் போடலை" என்றார். "பாலிலேயே சர்க்கரை இருக்குங்க ஐயா. நாளைக்குத் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் எட்டு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் இயல்பு, 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 126-ஓ அதற்கு மேலோ மறுபடி பார்த்தாலும் வந்தால் நீரிழிவு. ஒரு டம்ளர் காபி ஆளை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

சுகருக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அப்படியே வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துபோகும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃபுளோரைடு அதைக் கட்டுப்படுத்தத்தான். வீட்டுக்குப் போய் எடுத்த ரத்தம் வெயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்தால், நார்மல் என்று வரும் எண்ணை முழுசாக நம்ப முடியாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. இப்படிப்பட்ட நாட்டில் குழாயின் மூடி நிறம் சின்ன விஷயம் அல்ல.

ஜூன் 6, வியாழன்

அடுத்தடுத்து அச்சாகி வந்த இரண்டு ரிப்போர்ட்டிலும் கிரியேட்டினின் 1.1. ஒன்று, போலீஸ் தேர்வுக்கு உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் 25 வயது இளைஞருடையது. மற்றது 78 வயதுப் பாட்டியுடையது. இயல்பு எல்லையைத் தாண்டினால் வரும் தடித்த எழுத்து இரண்டிலும் இல்லை.

கிரியேட்டினின் தசையில் உண்டாகும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. தசை திரண்ட உடம்பில் அது அதிகம் உண்டாகும், மெலிந்த உடம்பில் குறைவாகத்தான் உண்டாகும். குறைவாக உண்டாகியும் பாட்டியின் ரத்தத்தில் 1.1 தேங்கி நிற்கிறது என்றால் வடிகட்டும் வேலை தொய்ந்திருக்கிறது. கிரியேட்டினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவது ஈஜிஎஃப்ஆர். 2021-இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டால் இளைஞருக்கு 96, பாட்டிக்கு 51. இது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"உப்பு ஒண்ணும் கூடலையே கண்ணு?" என்று கிரியேட்டினினைப் பற்றிக் கேட்டார் பாட்டி.

"உப்பு கூடலை பாட்டி. ஆனா இந்த இன்னொரு எண்ணை டாக்டர்கிட்ட அவசியம் காட்டுங்க. மூட்டு வலிக்குக் கடையில வாங்கிப் போடுற மாத்திரையையும் மறைக்காமச் சொல்லுங்க."

தானாக வாங்கி விழுங்கும் அந்த வலி மாத்திரைகள்தான் தொய்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சோதனை முடிவுகளில் கிரியேட்டினின் என்ற இந்த ஒரு வரியைப் போல எளிதாக ஏமாற்றக்கூடியது வேறில்லை என்பது என் அனுபவம்.

ஜூன் 11, செவ்வாய்

ஒருவருக்குப் பொட்டாசியம் 6.4. இயல்பு 3.5 முதல் 5 வரை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம், உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டிய எண் அது. போனை எடுக்கும் முன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். உடைந்தால் எல்லாம் சீரத்தில் கொட்டிவிடும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ இப்படி ஆகும். அவரை உட்கார வைத்து நிதானமாக மறுபடி எடுத்தோம். 4.3.

சீரம் தெளிவாக இருந்து இதே எண் வந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர்கூட ஆபத்தாவது இந்தப் பொட்டாசியத்தால்தான்.

ஜூன் 14, வெள்ளி

34 வயதுப் பெண். வெறும் வயிற்றில் 92. ஆனால் மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. 5.7-ஐத் தொட்டாலே நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பதால் கலங்கிப்போனார். கீழே இன்னொரு வரி இருந்தது: ஹீமோகுளோபின் 8.2. இரும்புச் சத்து குறைந்து ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாகக் கூடிக்காட்டலாம். ரத்தம் நிறைய இழந்தவர்களுக்கு நேர்மாறாகக் குறைத்துக்காட்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்த ஆயுள் மாறினால் சராசரியும் மாறும். "முதல்ல ரத்தசோகைக்கு வைத்தியம் பாருங்கம்மா. இந்த டெஸ்டை எப்போ மறுபடி எடுக்கணும்னு டாக்டரே சொல்வாங்க" என்றேன்.

ஜூன் 15, சனி

மாஸ்டர் செக்கப் செய்த இளைஞர் செல்போனில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "லிவர் போயிடுச்சா அண்ணே?" தடித்த எழுத்தில் எஸ்ஜிஓடி 52. எஸ்ஜிபிடி, பிலிருபின், அல்புமின் எல்லாம் இயல்பு. முந்தின நாள் மாலை முழுக்கக் கபடி ஆடியிருக்கிறார். எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் இருக்கிறது. கடுமையாக உழைத்த தசையும் அதை ரத்தத்தில் விடும். சில நாள் ஓய்வுக்குப் பின் திரும்பப் பார்க்கலாம், டாக்டரிடமும் காட்டுங்கள் என்றேன்.

பெரும்பாலான டெஸ்டுகளில் இயல்பு என்று அச்சிடும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவு. அப்படியானால் நலமாக இருப்பவர்களிலேயே 20-இல் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்டை ஒன்றாகச் செய்தால், எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம்.

சுகருக்கும் கொழுப்புக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே எல்லையை நோய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். 126 என்ற கோடு விழித்திரைப் பாதிப்பு கூடத் தொடங்கும் இடத்தை ஒட்டிப் போட்டது. "எங்க ஊர்ல எல்லாருக்கும் சுகர் இருக்கு" என்று தேற்றிக்கொள்ள அதில் இடமே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

நேற்று ஒரு டீச்சரம்மா பழைய ரிப்போர்ட்டுகளை வருஷ வாரியாக ஃபைலில் கோத்துக் கொண்டுவந்திருந்தார். வெறும் வயிற்றுச் சுகர் 84, 89, 93, 98. எதிலும் தடித்த எழுத்து கிடையாது. ஒவ்வொன்றையும் பார்த்தவர்கள் நார்மல் என்றே சொல்லியிருப்பார்கள், அது சரிதான். நான்கையும் அடுக்கினால்தான் ஏறுமுகம் தெரிகிறது. அவருடைய அம்மா, அப்பா இருவருக்கும் நீரிழிவு. நடைக்கும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் நல்ல பலன் கிடைக்கும் காலம் இதுதான்.

எண்ணைத் தனியாகப் பார்ப்பவருக்கு ஒன்று பயம், இல்லாவிட்டால் அசட்டையான நிம்மதி. வயது, உடல்வாகு, போடும் மாத்திரை, பக்கத்து வரி, போன வருஷத்து எண் எல்லாம் கூடினால்தான் அது தகவல். நாளைக்கு முதலாளியிடம் கேட்கப்போகிறேன்: பழைய முடிவு நம் கணினியில் இருந்தால், புதிய ரிப்போர்ட்டில் அதையும் பக்கத்திலேயே அச்சிட்டுக் கொடுப்போம்.