பேக்கேஜ் திட்டமும் இரண்டு மா வயலும்

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம், வெண்ணாற்றுப் பாசனம். புரட்டாசிக் கடைசி. நட்டு இருபது நாளான சம்பா வயலுக்குள் நான்கு பெண்கள் கோனோவீடர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பல் வைத்த இரண்டு கூம்பு உருளைகள் சேற்றில் உருண்டு களையைப் பிடுங்கி அங்கேயே அமுக்கிவிடும். முன்னே ஒரு தள்ளு, பின்னே ஓர் இழுப்பு, ஓர் எட்டு. வரிசை முடிந்ததும் குறுக்கே திரும்பி மறுபடி. இரண்டு திசையிலும் 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சதுரமாக நட்டிருந்தால்தான் இந்தக் குறுக்கு ஓட்டம் நடக்கும். அதற்காக நடவின்போதே கயிறு பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் அதிகம் நின்றால் களை மிதக்கும். வற்றிவிட்டால் உருளை சுற்றாது. விரற்கடைத் தண்ணீரில் செய்ய வேண்டிய வேலை.

"பாக்க லேசா இருக்கும் தம்பி. சேறு அப்புச்சுன்னா ராத்திரி தோள்பட்டையைத் தூக்க முடியாது" என்றார் மூத்தவர். பக்கத்து வயலில் களையெடுப்பவர்கள் யாரும் இல்லை. நட்ட சில நாளிலேயே களைக்கொல்லியை மணலோடு கலந்து வீசி முடித்துவிட்டார்கள்.

வயல்காரருக்குச் சொந்தம் நாலு மா. கோயில் நிலம் எட்டு மா குத்தகை. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். இயற்கை வழிக்கு அவர் மாற்றியிருப்பது சொந்த நிலத்தில் இந்த இரண்டே மா. மற்ற பத்திலும் யூரியாதான். இதை அவர் சங்கடப்படாமல் சொன்னார், எனக்கும் அது சரியாகவே பட்டது. குத்தகைக்காரர் வருஷம் தவறாமல் அளக்க வேண்டியதை அளந்தாக வேண்டும். மூன்று வருஷம் பாடுபட்டு மண்ணைத் தேற்றி, நாலாவது வருஷம் நிலம் கைமாறினால், தேறிய மண் யாருக்கோ போகும். டெல்டாவில் கோயில், மடத்து நிலங்கள் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்மொழிக் குத்தகைகள் தனி. இயற்கை விவசாய மேடைகளில் இந்தப் பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை.

ஜீவாமிர்தம் கலக்கும் டிரம்மைக் காட்டினார். 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. பக்குவம் தெரியாத உழவர் இப்போது யாரும் இல்லை. திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938இல் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வந்து, 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் கண்மூடும்வரை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. சிக்கல் சாணத்தில் இருக்கிறது. டிராக்டரும் அறுவடை மெஷினும் வந்தபின் இந்தத் தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் நாலைந்து வீடுதான். அறுத்த வைக்கோலை மெஷின் சுருட்டிக் கட்ட, லாரி ஏறிக் கேரளம்வரை போகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்கும். அதை விற்றுவிட்டுப் பொட்டாஷ் மூட்டை வாங்குகிறோம். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டோடு வருவார்கள். கிடை கட்டினால் அந்த வயலில் பயிரின் நிறமே வேறு. அதற்கும் இப்போது முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் முறை கிடைக்கும்.

பசுந்தாள் உரம் இருக்கிறதே என்பீர்கள். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் பருவத்தில், 45 நாள் வாக்கில் மடக்கி உழ வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால், சம்பா மட்டும் போடும் வயலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் எடுப்பவருக்கு அந்த 45 நாள் எங்கே? தமிழக அரசு 2024-25இல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் விதை தருவதாக அறிவித்தது. நல்ல காரியம். விதைக்கான இடைவெளியையும் அரசு தர முடியாதே!

வயல்காரர் முதலில் போட்டது நாள் அதிகம் பிடிக்கும் மாப்பிள்ளைச் சம்பா. அக்கம்பக்கமெல்லாம் அறுத்து முடித்தபின் இந்த இரண்டு மா மட்டும் நின்றது. ஊரிலுள்ள எலியும் குருவியும் அங்கேதான் கூடின. ஜனவரி 28இல் மேட்டூரை மூடிவிட்டால் கடைசித் தண்ணீருக்கும் திண்டாட்டம். அறுவடை மெஷின்காரரோ இரண்டு மாவுக்காக வண்டியைத் திருப்ப மாட்டேன் என்றார். இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே பல இடங்களில் வயல் விட்டு வயல்தான் பாய்ச்சல். மேல்வயல்காரர் வீசிய மருந்து மடை வழியே கீழ்வயலுக்கு இறங்கும். தனி ஆளாக ஒருவர் மாறுவது பாதி மாற்றம்தான்.

மூட்டைக் கணக்கு முதல் வருஷம் இறங்கியது, இரண்டாம் வருஷம் அப்படியே நின்றது, மூன்றாவதில்தான் ஏறத் தொடங்கியது. அங்கக வேளாண் சான்றிதழ் விதியும் ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருஷ மாறுகாலம் கேட்கிறது. விளைச்சல் குறைகிற அதே இரண்டு வருஷத்தில் கூடுதல் விலைக்கு விற்கவும் முடியாது என்று இதற்கு அர்த்தம். நேரடி கொள்முதல் நிலையத்தில் 2025 செப்டம்பர் முதல் சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. எப்படி விளைந்தது என்று அங்கே கேட்க மாட்டார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பார்கள். எதிர்த்தட்டில் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. வீசிய சில நாளில் பயிர் பச்சை கட்டிவிடும். இவருடைய நாற்று முதல் மாதம் வெளுத்து நிற்க, டீக்கடையில் பேச்சு வாங்கியிருக்கிறார்.

இதே தஞ்சாவூர் ஜில்லாவில் 1960இல் பேக்கேஜ் திட்டம் வந்தது. ஃபோர்டு பவுண்டேஷன் துணையுடன் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், கிராமந்தோறும் ஊழியர் என எல்லாம் சேர்ந்தே வந்தன. ஜப்பான் நெல்லையும் நம் நெல்லையும் கலந்து ஆடுதுறையில் உருவான ஏடிடி 27 அறுபதுகளின் நடுவில் வந்தபோது, அதைப் போட்டவருக்குக் கைகொடுக்க ஓர் ஏற்பாடு தயாராக நின்றது. உழவர் ரசாயனத்துக்கு மாறியதற்கு இதுவும் காரணம். திரும்பி வரச் சொல்லும்போது மட்டும் கையில் ஒரு விதைப் பொட்டலமும் ஒருநாள் பயிற்சியும்! இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடுத்து, அந்த நவம்பருக்குள் பின்வாங்கினார்கள்; நெல் விளைச்சலும் சரிந்தது. அது அவசரத்தின் கூத்து. நம்முடையது உழவரைத் தனியே நிறுத்திவிட்டு வாழ்த்துச் சொல்லும் வகை.

இந்தப் பக்கம் உருப்படியாக நடந்த ஏற்பாடு என்றால் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம் நெல் திருவிழாவைத்தான் சொல்வேன். 2006 முதல் நெல் ஜெயராமன் அங்கே இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கினார். 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் 174 ரகங்கள் சேர்ந்திருந்தன. திருப்பித் தரும் விதையில் கலப்பு கூடாது. கதிர் வந்தபின் வயலுக்குள் இறங்கி, உயரத்திலோ மணி நிறத்திலோ வேறுபட்டு நிற்கும் கலவனை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். இவர் வயலில் அதைச் செய்வதும் அந்த நான்கு பெண்கள்தான். "இது கருங்குறுவைப் புத்தி, இங்க என்ன வேலை" என்று கதிரோடு பேசிக்கொண்டே பிடுங்குவாராம் மூத்தவர். எந்தச் சான்றிதழிலும் அவர் பெயர் வராது.

உர மூட்டைக்குப் போகும் காசு மிச்சம் என்று சொல்பவர்கள், அது கூலியாகப் போவதைக் கணக்கில் காட்டுவதில்லை. என் பார்வையில் அது நல்ல செலவு. ஊரிலேயே தங்கும் பணம். ஆனால் அதை உழவர் தலையிலும் கட்டக்கூடாது, குறைந்த கூலியாக இந்தப் பெண்கள் தலையிலும் கட்டக்கூடாது. மாறுகாலம் முடியும்வரை களைக்கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்றால், விதைப் பொட்டலத்தைவிட அது உதவும்.

ஒரே மடையில் பாய்ச்சும் நான்கு குடும்பங்கள் அடுத்த ஆடியில் சேர்ந்து மாறலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை மாப்பிள்ளைச் சம்பா வேண்டாம், நாட்கள் குறைந்த தூயமல்லி என்று முடிவு. தஞ்சாவூரில் அரிசி வாங்க ஒரு கடைக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். விதைப்புக்கு முன்பே முன்பணம் வேண்டும் என்று இவர்கள் கேட்க, புழுங்கலா பச்சையா என்பதிலேயே அவர் நிற்கிறார். சின்ன அளவில் அரைத்துத் தரும் மில் எங்கே என்பது அடுத்த கேள்வி. களைக்கூலியை இப்போதே பேசி முடியுங்கள் என்று கோனோவீடரைக் கழுவிக்கொண்டே மூத்தவர் சொன்னார். "நாலு வயலுன்னா எங்களுக்கு இன்னும் ரெண்டு மெஷினும் வேணும்."