எட்டுப் பெண்களும் ஒரு வக்கீலும்

2022-இல் 'சுழல்' தொடர் வந்தபோது எங்கள் கடற்கரை நடைக் கூட்டத்தில் இரண்டு கருத்தே இல்லை. மேல்மலையனூர் மயானக்கொள்ளை பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்க் கதை போலிருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்துக்கோ ஆளுக்கொரு தீர்ப்பு.

"ஒரு வக்கீல் கொலைக்கு எட்டுப் பெண்கள் தனித்தனியா வந்து 'நான்தான் செஞ்சேன்'னு சொல்வாங்களாய்யா? ஃபைல் எப்படி நகரும்?" என்றார் வீட்டுக்கு வந்த நண்பர். என்னோடு வேலை பார்த்தவர், குமாஸ்தா மூளை! எனக்கும் நடுவில் இழுவையாகத்தான் பட்டது. எட்டுப் பெயரும் மனதில் நிற்கவில்லை.

காபி கொண்டுவந்த என் மனைவி, "ஒருத்தி சொன்னா யாருங்க கேக்கறாங்க? எட்டுப் பேர் சொன்னாத்தான் திரும்பிப் பாக்கறாங்க" என்றாள். நண்பர் அப்புறம் ஃபைலைப் பற்றிப் பேசவில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எழேன் சூ பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1842-43-இல் அவர் 'பாரிஸ் மர்மங்கள்' தொடர்கதையை நாளிதழில் எழுதியபோது வாசகர் கடிதங்கள் குவிந்தனவாம். வேண்டுமானால் அடுத்த அத்தியாயத்தை மாற்ற அவருக்கு வழி இருந்தது. இங்கே எட்டுப் பகுதியும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன; குறை சொல்லி யாருக்குக் கடிதம் போடுவது? நடைக் கூட்டத்தில் சண்டை போட்டுக்கொள்கிறோம்.