யந்திரத்தின் செவி

திருப்பூர் மாநகராட்சியோடு 2011-இல் இணைக்கப்பட்ட பின்னும் கிராமத்தின் சாயல் முற்றிலும் நீங்காத நெருப்பெரிச்சலில், என் மைத்துனர் சிறியதொரு பனியன் கம்பெனி நடத்திவருகிறார். நிட்டிங் முடிந்த துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கும், சாயமேறிய துணியைக் காம்பாக்டிங்குக்கும், அங்கிருந்து கட்டிங் மேசைக்கும் ஓயாது சுமந்து திரியும் அவருடைய பெட்ரோல் வேன், சில மாதங்களாக, பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும், அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும், ஒரு கணம் உதறிவிட்டு மறுகணமே ஒன்றுமறியாத சாதுவாக ஓடத் தொடங்கிவிடும். இதை மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலோ, அந்தக் கோளாறு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நகரத்து வொர்க்‌ஷாப் ஒன்றில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது இரண்டு பழுதுகள் பதிவாகியிருந்தன: மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்பது ஒன்று, நாக் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்பது மற்றொன்று. அவர்கள் தாமதமின்றிச் சென்சாரை மாற்றினார்கள். பணம் போயிற்று, உதறல் போகவில்லை. அந்தப் பட்டியலில் புதிதாகக் கண்ட 'நாக் சென்சார்' என்ற பெயர்தான் என்னை ஒரு தேடலில் இழுத்துவிட்டது. யந்திரத்துக்குச் செவி எதற்கு? அதை முதன்முதலில் பொருத்த வேண்டிய அவசியம் யாருக்கு, எதனால் வந்தது?

பெட்ரோல் எஞ்சினில் பிளக் கொடுக்கும் பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவிச் செல்லவேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் அந்தத் தீ வந்து சேருவதற்குள், சிலிண்டரின் கோடியில் எஞ்சிநிற்கும் கலவை, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தாங்கமாட்டாமல் தானாகவே ஒரே கணத்தில் எரிந்துவிடுமானால், அழுத்த அலை சுவர்களில் மோதி உலோகத்தையே ஒலிக்கச் செய்கிறது. இதுவே நாக்கிங். நீடித்தால் பிஸ்டனின் தலை உருகவும் கூடும். கேம்பிரிட்ஜில் பெர்ட்ரம் ஹாப்கின்சனிடம் பயின்ற ஹாரி ரிக்கார்டோ, அழுத்த விகிதத்தை இஷ்டப்படி மாற்றக்கூடிய சோதனை எஞ்சின் ஒன்றை அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று வரிசைப்படுத்தியபோது, குற்றத்தில் பெரும்பங்கு எஞ்சினுடையதன்று, எரிபொருளுடையதே என்பது ஐயந்திரிபறத் தெளிவாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த கதையோ, சாயத்தால் வாழும் ஊர்க்காரர்கள் அவசியம் கேட்கவேண்டிய ஒன்று. சார்லஸ் கெட்டரிங் அமைத்த பேட்டரி இக்னிஷனே நாக்கிங்குக்குக் காரணம் என்று பலர் பழி சுமத்தினார்கள். அந்தப் பழியைத் துடைக்கும் பொருட்டே அவரும் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட அதிகமாக நாக் செய்வது அது மெதுவாக ஆவியாவதனால்தான் என்று ஊகித்த அவர்கள், இலையின் பின்புறம் சிவந்திருப்பதால் பனிக்காலம் முடியுமுன்பே பூத்துவிடுவதாக எண்ணப்பட்ட ஒரு காட்டுச் செடியை நினைத்து, எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றினால் வெப்பத்தை விரைவாக ஈர்த்துக்கொள்ளாதா என்று யோசித்தார்கள். 1916-ஆம் வருஷம் அது. எண்ணெயில் கரையும் சாயம் ஸ்டோரில் கைவசம் இல்லாமையால், நிறம் தரும் என்று அயோடினைக் கலந்தார்கள், நாக்கிங் குறைந்தது. பின்னர் அசல் சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து கலந்தபோது ஒரு பயனும் இல்லை. நிறமே அற்ற அயோடின் சேர்மமோ வேலை செய்தது. நிறமல்ல, ரசாயனமே காரணம் என்பது இவ்வாறு வெளிப்பட்டது. தவறான அனுமானத்தைக் கொண்டு சரியான வாசலை அடைந்த இத்தகைய விசித்திரங்கள் சாஸ்திர சரித்திரத்தில் வேறு பலவும் உண்டு. எனினும் இதன் தொடர்ச்சி அத்தனை மங்களகரமானதல்ல. 1921 டிசம்பர் 9 அன்று மிட்ஜ்லியின் குழு டெட்ராஎத்தில் ஈயத்தின் சக்தியைக் கண்டது. 1924-இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதே ஈயத்தின் விஷத்தால் தொழிலாளர் ஐவர் மாண்டனர். ஆயினும் அது பல தசாப்தங்கள் உலகத்துப் பெட்ரோலில் கலந்தே வந்தது. நம் நாடு முழுவதும் அது நீங்கியது 2000 பிப்ரவரி முதல் தேதியில்தான்.

இவ்வளவுக்கும் இடையில் நாக்கிங்கைக் கேட்டுக்கொண்டிருந்த செவி யாருடையது? ஓட்டுநருடையது. ஃபோர்டின் மாடல் டி போன்ற அக்காலத்து வண்டிகளில், பொறியை முன்தள்ளவும் பின்தள்ளவும் ஸ்டியரிங்கின் அடியிலேயே ஒரு லீவர் உண்டு. மேட்டில் எஞ்சின் டொக்கென்று தட்டினால் ஓட்டுநர் காதால் அறிந்து கையால் குறைப்பார். பின்னாளில் அந்த லீவர் மறைந்து டிஸ்ட்ரிபியூட்டர் வந்தபோது, பொறியின் நேரம் வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்பத் தானே மாறியதே தவிர, தட்டும் ஓசையைக் கேட்க எவரும் அங்கே நியமிக்கப்படவில்லை. 1978-இல் பியூக் நிறுவனம் தன் டர்போ வி-6 எஞ்சினில் ஒரு சென்சாரைப் பதித்து, தட்டல் கேட்டமாத்திரத்தில் பொறியைத் தாமதிக்கும்படி செய்தது. சில ஆண்டுகளில் ஸ்வீடனின் சாப் கம்பெனி அதே செவியைக் கொண்டு டர்போவின் அழுத்தத்தையே கட்டுப்படுத்தியது.

அந்தச் செவியின் சூட்சுமம், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக்கும் 1880-இல் கண்டறிந்ததிலிருந்து வருவது. வளையமாகச் செய்த பீங்கான் ஒன்றின்மேல் ஒரு கனமான உலோகத் துண்டை வைத்து, எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டால் இறுக்கிவிடுகிறார்கள். பிளாக் அதிரும்போது அந்தக் கனம் பீங்கானை அழுத்த, மின்னழுத்தம் பிறக்கிறது. போல்ட்டின் இறுக்கம் சுமார் இருபது நியூட்டன் மீட்டர் இருக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் செவி மந்தமாகும். கார் எஞ்சின்களின் சிலிண்டர் விட்டத்துக்கு நாக்கிங்கின் ஓசை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு கிலோஹெர்ட்ஸ் அளவில் எழும். வால்வு அடைபடும் ஓசை முதலான மற்றவற்றோடு அது குழம்பாதபடி, ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் வேளையில், பிஸ்டன் உச்சியைக் கடந்த சிறிது கோண அளவுக்குள் மட்டுமே எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் காது கொடுக்கிறது. தட்டல் கேட்டால் அந்தச் சிலிண்டருக்குச் சில டிகிரி பொறியைப் பின்தள்ளி, பிறகு சிறுகச் சிறுக முன்னே கொண்டுவருகிறது.

இத்தனையும் அறிந்தபின் மைத்துனரின் வேன் எனக்கு வேறாகத் தோன்றியது. நாக்கிங் என்பது மிகை. மிஸ்ஃபயர் என்பது இன்மை. மிகை ஓசை எழுப்பும். அதைப் பிரத்தியட்சமாகக் கேட்கலாம். இன்மைக்கு ஏது ஓசை? நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒன்று எரியவேண்டும். ஒன்று எரியாவிட்டால் அந்த அரைச் சுற்றில் கிராங்க் ஷாஃப்ட் கடுகளவு தாமதிக்கும். பற்சக்கரத்தின் பற்களை எண்ணிக்கொண்டிருக்கும் கிராங்க் சென்சார் அந்தத் தாமதத்தைக் காட்ட, கம்ப்யூட்டர் மிஸ்ஃபயரை அனுமானிக்கிறது. மோசமான சாலையில் சக்கரம் குதிப்பதாலும் அத்தகைய தாமதம் நேரலாம் என்பது தர்க்கம் படித்தவர்களுக்குச் சுவையான செய்தி. நாக் சென்சாருக்கும் மிஸ்ஃபயருக்கும் நேர் உறவு இல்லாதிருக்க, இரண்டும் ஒருசேர ஏன் பதிவாயின?

நெருப்பெரிச்சலிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு, "ஸ்கேனர் பேரைத்தானுங்க சொல்லும், ஊரைச் சொல்லாதுங்க" என்றார். மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார்; பாரத்தோடு ஓட்டி வந்தபோது பழுது மூன்றிலேயே நின்றது. ஆக, காயில் நிரபராதி. பிளக்கை மாற்றிப் போட்டார், அதுவும் நிரபராதி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒயரிங்கை அங்கங்கே கையால் மெல்ல அசைத்துக்கொண்டே வந்தவர், இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் ஓர் இடத்தைத் தொட்டதும் எஞ்சின் உதறியது. பாரம் ஏறும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுண்டிங்கில் சாய, ஒயர் கட்டு ஒரு பிராக்கெட்டின் கூரிய விளிம்பில் உராய்ந்து உராய்ந்து தோல் உரிந்திருந்தது. மூன்றாம் காயிலுக்குச் செல்லும் ஒயரும், நாக் சென்சாருக்குக் கவசமிட்டுச் செல்லும் ஒயரும் அக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சென்சாரின் செய்தி அறுபட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகப் பொறியைப் பொதுவாகவே பின்தள்ளியிருக்கிறது. பிக்கப் குறைந்ததாக மைத்துனர் சொல்லிவந்ததற்கும் காரணம் கிடைத்தது.

ஒயரை ஒட்டி, உறை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து வேலை முடித்தார். வொர்க்‌ஷாப்பில் கழற்றிக் கொடுத்த பழைய சென்சாரை மீட்டரில் இணைத்து ஸ்பேனரால் தட்டிப் பார்த்தபோது அது ஒவ்வொரு தட்டலுக்கும் முள்ளை அசைத்தது.

ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பதை மிட்ஜ்லி அன்றே அறிந்திருந்தார். கம்பெனிகள் நாடியதோ ஈயத்தை. இப்போது நம் பங்க்குகளில் எத்தனால் என்ற ஆல்கஹால் இருபது சதவீதம் கலந்த பெட்ரோல் வருகிறது. லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலின் சக்தி பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகையால், உதறல் நின்ற வேனின் மைலேஜ் ஏன் இன்னும் குறைவாக இருக்கிறதென்று மைத்துனர் கேட்கும்போது, இம்முறை மெக்கானிக்கைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.