எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குட்டிக் கடல்

தங்க மீன் வளர்க்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் கடல் மீனை வீட்டில் வளர்க்க முடியுமா என்று கேட்டால், "ஐயோ, அதெல்லாம் பணக்காரர் சமாசாரம்!" என்று ஒதுங்கி விடுகிறோம். நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் செலவு கூடுதல்தான். ஆனால் பணத்தைவிட அதிகமாக அது கேட்பது பொறுமையை. அந்தச் சரக்குதான் நம்மிடம் தாராளமாக இருக்கிறதே!

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத்தான் முதலில் இந்த ஆசை வந்தது. என்னவரும் உடனே தலையை ஆட்டி விட்டார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கினோம். "இன்னும் சின்னதாகப் பார்க்கக் கூடாதா?" என்றேன். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய தொட்டிதான் சுலபம் என்று பிறகுதான் தெரிந்தது. ஏறக்குறைய 180 லிட்டர் தண்ணீர்; அதுவே 180 கிலோ. சாதாரண ஸ்டூல் தாங்காது. கனமான இரும்பு ஸ்டாண்ட் செய்து, வெயில் படாத சுவரோரம் வைத்தோம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியார், "வீட்டுக்குள்ள கடலைக் கொண்டாந்து வைக்கப் போறீயளாக்கும்!" என்று சிரித்தார்கள்.

நம் சமையல் உப்பு இதற்கு உதவாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் உப்புக் கலவை தனியாகக் கிடைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலக்க வேண்டும். அளவு சரிதானா என்று பார்க்கக் கருவி உண்டு, அடர்த்தி 1.025 காட்டினால் நல்லது.

தண்ணீர் ஊற்றியதும் மீன் விடலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தொட்டி ஐந்து வாரம் மீனில்லாமல் வெறுமனே ஓடியது! தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டோம். அது அழுகி அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை நுண்கிருமியும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகையும் பாறை இடுக்குகளில் பெருக வேண்டும். தயிருக்கு உறை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது மாதிரிதான். பரிசோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் மீன். மூன்றாம் வாரம் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிந்தது. மகள் பயந்து விட்டாள். புதுத் தொட்டியில் அது சகஜம், தானே குறைந்தது.

இதற்கிடையில் வந்ததுதான் பெரிய சோதனை. பவளம் இல்லாமல் என்ன கடல் என்று உண்டியலை உடைத்துக் காசோடு காத்திருந்தாள் மகள். ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "உயிருள்ள பவளம் இருக்கும்மா, யாருக்கும் சொல்லாதீங்க" என்றார். யாருக்கும் சொல்லக் கூடாத பொருள் நம் கூடத்துக்கு எதற்கு? கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நம் கடலில் எடுப்பதும் விற்பதும் குற்றம். வேண்டாம் என்று திரும்பி விட்டேன். இரண்டு நாள் என் மகள் என்னோடு பேசவே இல்லை.

அவளை மடியில் படுக்க வைத்துக்கொண்டு அத்தைதான் பேசினார்கள். "ஏட்டி, நான் உன்னை மாதிரி இருக்கச்சே, கடல்ல பார்க்கல்லை உடைச்சு வள்ளம் வள்ளமாக் கொண்டாருவாவ. சுண்ணாம்புக்குச் சுடுவாவ, வீடு கட்டுவாவ. அது உசிருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உனக்குத் தெரியுமில்லா?"

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அரண் இழந்து, அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கி விட்டன. இதை அட்லசில் காட்டியபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவளாகவே, "செயற்கைப் பாறையே போதும்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கி விட்டது.

உண்டியல் பணத்தில், பண்ணையில் பொரித்த இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. ஆரஞ்சும் வெள்ளையுமாக என்ன அழகு! இவை எல்லாமே ஆணாகத்தான் வளருமாம். ஜோடியில் பெரியது பெண்ணாகி விடும். முட்டைக்குக் காவல் இருந்து விசிறி விடுவது பெரும்பாலும் அப்பா மீன்தான். இதை நான் சற்று உரக்கவே படித்தேன்; என்னவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை! அத்தை கொடுத்த மெருகு பூசாத சின்ன மண் கலயத்தைக் கழுவிப் போட்டோம். இரவில் இரண்டும் அதற்குள்தான் ஒண்டிக்கொள்கின்றன.

புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

சாம்பார் சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா? அதேபோல்தான் தொட்டியும். நீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புது உப்பு நீரை விடுங்கள்.

சூடு 24 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. கோடையில் நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஓட விட்டால் ஓரிரு டிகிரி குறையும். மின்சாரம் போனால் மீனுக்கு மூச்சு முட்டும். பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மின்கம்பியைப் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்க விட்டு மேலேற்றுங்கள். வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. கையை விடுமுன் சுவிட்சை அணையுங்கள். கையில் புண் இருந்தால் தொட்டியைத் தொட வேண்டாம்.

பொத்தான் பூப்போல் இருக்கும் ஜோவாந்திட் என்ற உயிரினம் ஒட்டிய பாறையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அப்படிப்பட்ட பாறையை வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தபோது, ஆவியைச் சுவாசித்த குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகி இருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த அழகு வேண்டாம்.

வாங்கும் மீன் பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை நம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கி இருக்கிறது. அப்படி வாங்கினால், கடலில் இருப்பது கடலிலேயே இருக்கும். நம் குழந்தைகளும் பிற்பாடு அதை அங்கே போய்ப் பார்க்கலாம்.