வாழைப்பழ ஈயின் கத்தரி

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் பஸ்சுக்குக் காத்திருக்கும்போது, தள்ளுவண்டியில் கறுத்துப்போன வாழைப்பழத்தைச் சுற்றும் பொடி ஈக்களைக் கவனியுங்கள். பெயர் ட்ரோஸோஃபிலா. சுற்றியுள்ள ஃபாக்டரிகளில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஈயின் இறக்கைத் தசைக்கு அந்த வசதி கிடையாது. மைட்டோகாண்ட்ரியா படுத்தால் ஈயும் படுத்தது.

பள்ளிக்கூடத்தில் அவரைவிதை போல வரைந்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியா சும்மா இருப்பதில்லை. ஒட்டிக்கொள்ளும், பிரியும். ஒட்டவைக்க மார்ஃப், ஓபா1, வெட்ட டிஆர்பி1. எல்லாம் புரதங்கள்.

பிங்க்1 என்ற ஜீன் பழுதானால் மனிதர்களுக்கு இளவயதிலேயே பார்கின்சன் வரலாம். 2006-ல் அமெரிக்க, கொரியக் குழுக்கள் ஈயில் அதை முடக்கிப் பார்த்தன. மைட்டோகாண்ட்ரியா வீங்கி, தசை செத்து, ஈ பறக்கத் திணறியது. 2008-ல் அதே ஈக்கு டிஆர்பி1-ஐக் கூட்டிக் கொடுத்தார்கள். தசை பெரும்பாலும் பிழைத்துவிட்டது!

உடனே, ‘அப்பாவின் கைநடுக்கத்துக்கு மருந்து ரெடியா சார்?’ என்று கேட்காதீர்கள். மனித செல்களில் பிங்க்1-ஐக் குறைத்தபோது பல சோதனைகளில் மைட்டோகாண்ட்ரியா நேர்மாறாகத் துண்டுதுண்டாகக் கிடந்தது. அங்கே போய் இன்னும் வெட்டுவதா? போதாக்குறைக்கு, சாகப்போகும் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவை நறுக்குவதும் இதே டிஆர்பி1தான்.