நாலு சென்ட் சரிவு

கோத்தகிரியில் எங்களுக்கு இருப்பது நாலு சென்ட் இடம். ரோட்டோரத்திலிருந்து பின் எல்லைக்குள் எட்டடி இறக்கம். அதில் வீடு கட்ட மகனும் நானும் ஒரு மாதமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"மண்ணை வெட்டிச் சமமாக்கிடலாம்பா" என்றான் மகன். எனக்கு 2009 நவம்பர் மழை ஞாபகம் வந்தது. நீலகிரியில் அப்போது எத்தனை வீடுகள் மண்ணோடு சரிந்தன! செங்குத்தாக வெட்டினால் ரோட்டோரத்து மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும்.

சரிவை ஒட்டியே இரண்டு மட்டமாகக் கட்ட முடிவு செய்தோம். ரோட்டு மட்டத்தில் ஹாலும் சமையலறையும், கீழே படுக்கையறைகள். தடுப்புச் சுவரில் மழைத்தண்ணீர் வடிய வரிசையாகத் துளைகள். தண்ணீர் தேங்கினால் சுவரையே தள்ளிவிடும் என்றார் மேஸ்திரி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது என் மனைவி படத்தைப் பார்த்தாள். "ஏங்க, தூங்கறதுக்குப் பதினாலு படி இறங்கணுமா?" என்றாள்.

ஆறு வருஷமாக அவளுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்து விடுகிறவன் நான்தான். மண்ணைப் பற்றி அவ்வளவு யோசித்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஹாலைப் பாதியாக்கி, எங்கள் அறையை மேலே கொண்டுவந்தோம். விருந்தாளிகள் கொஞ்சம் நெருக்கி உட்காரட்டும்.